மைஎஸ்க்யூஎல் அப்கிரேடு பாஸ்வேர்டில் முட்டி நின்றால்

இரவு பத்து மணிக்கு மேல், யாரும் வேலை செய்யாத நேரம் பார்த்து உபுண்டு சர்வரில் அப்டேட் கொடுக்கிறீர்கள். பேக்கேஜ்கள் வரிசையாக இறங்குகின்றன. டேட்டாபேஸ் நிரலான மைஎஸ்க்யூஎல் 5.7-இன் முறை வந்ததும் திரை கொஞ்ச நேரம் அசையாமல் நிற்கிறது. பிறகு ஒரு வரி வருகிறது: ‘ஆக்சஸ் டினைடு ஃபார் யூசர் டெபியன்-சிஸ்-மெயின்ட்@லோக்கல்ஹோஸ்ட், யூசிங் பாஸ்வேர்டு: யெஸ்’. பக்கத்தில் 1045 என்ற எண். அதற்குக் கீழே, போஸ்ட்-இன்ஸ்டலேஷன் ஸ்கிரிப்ட் தோற்றுவிட்டது என்று, பேக்கேஜ்களை நிறுவும் நிரலான டிபிகேஜி சொல்லி முடிக்கிறது.

அந்தப் பெயரில் நீங்கள் எந்த யூசரையும் உருவாக்கவில்லை. அந்த பாஸ்வேர்டை ஒருநாளும் தட்டியதும் இல்லை. புதிதாக சர்வர் பார்த்துக்கொள்ள வந்தவர் இந்த இடத்தில் பதறிப்போய், எல்லாவற்றையும் எடுத்துவிட்டு மறுபடி போட்டால் சரியாகிவிடும் என்று ‘பர்ஜ்’ கட்டளையைத் தேடுவார். தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள். ஒரு சிறு பள்ளியின் கட்டணப் பதிவுகள் அப்படிப் போனதை நான் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். பர்ஜ் செய்யும்போது டேட்டாபேஸ்களையும் அழிக்கட்டுமா என்று ஒரு கேள்வி வந்தது. அவசரத்தில் ‘யெஸ்’ கொடுத்துவிட்டார்கள். கடைசி பேக்கப் ஐந்து மாதம் பழையது. ரசீதுப் புத்தகங்களை வைத்து இரண்டு பேர் மூன்று வாரம் உட்கார்ந்து திரும்ப ஏற்றினார்கள். அன்று அந்த டேட்டாபேஸில் ஒரு பழுதும் இல்லை. ஒரே ஒரு பாஸ்வேர்டு மட்டும் பொருந்தவில்லை.

இந்தக் கட்டுரை அந்த நிலையில் இருப்பவர்களுக்காக. கட்டளைகளை இங்கே ஒலிப்படி எழுதியிருக்கிறேன். டெர்மினலில் ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்டுங்கள்.

முதலில் ஒரு கேள்வி: மைஎஸ்க்யூஎல் சர்வர் ஓடுகிறதா?

‘சூடோ சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ் மைஎஸ்க்யூஎல்’ என்று கொடுத்துப் பாருங்கள். பதில் இரண்டில் ஒன்றுதான். சர்வர் ஓடிக்கொண்டிருக்கிறது, ஆனால் அப்கிரேடு ஸ்கிரிப்டால் உள்ளே நுழைய முடியவில்லை. அல்லது சர்வரே எழுந்திருக்க மறுக்கிறது. இரண்டும் வெவ்வேறு நோய்கள், மருந்தும் வேறு. எது என்று தெரியாமல் எதையும் தொடாதீர்கள். எழவில்லை என்றால் ‘வார்’, ‘லாக்’, ‘மைஎஸ்க்யூஎல்’ என்று ஒன்றுக்குள் ஒன்றாக இருக்கும் ஃபோல்டர்களில் உள்ள எரர் லாக்கைத் திறந்து, கடைசி இருபது வரிகளை மெதுவாகப் படியுங்கள். அந்த வகையைப் பின்னால் பார்ப்போம். 1045 வந்தால் பெரும்பாலும் முதல் வகை.

யார் இந்த டெபியன்-சிஸ்-மெயின்ட்?

டெபியன், உபுண்டு பேக்கேஜ் வழியாக மைஎஸ்க்யூஎல் நிறுவும்போது, பராமரிப்பு வேலைகளுக்காக அந்த பேக்கேஜே உருவாக்கிக்கொள்ளும் யூசர் அது. லாக் ஃபைல்களைச் சுழற்றுவது, 5.7 வரை அப்கிரேடு முடிந்ததும் ‘மைஎஸ்க்யூஎல்_அப்கிரேடு’ என்ற நிரலை ஓட்டி சிஸ்டம் டேபிள்களைப் புதுப்பிப்பது போன்ற வேலைகளை ஸ்கிரிப்டுகள் இந்தப் பெயரில்தான் செய்கின்றன. (8.0.16 முதல் டேபிள் புதுப்பிக்கும் வேலையை சர்வரே எழும்போது பார்த்துக்கொள்கிறது. அதனால் இந்த 1045 தொல்லை 5.7-இல் இருப்பவர்களையே அதிகம் பிடிக்கும். 8.0-க்குத் தாவும் முன் 5.7-ஐ அதன் கடைசி வெளியீட்டுக்குக் கொண்டுவாருங்கள் என்பது பொதுவான அறிவுரை. அந்தப் படியிலேயே பலர் மாட்டிக்கொள்கிறார்கள்.)

இந்த யூசரின் பாஸ்வேர்டு இரண்டு இடத்தில் இருக்கிறது. ஒன்று, டேட்டாபேஸுக்குள் யூசர் டேபிளில், ஹாஷ் வடிவில், அதாவது அசலைத் திருப்பி எடுக்க முடியாத மாற்றுருவில். இன்னொன்று, ‘ஈடிசி’ ஃபோல்டருக்குள் ‘மைஎஸ்க்யூஎல்’ ஃபோல்டரில் இருக்கும் ‘டெபியன்.சிஎன்எஃப்’ என்ற ஃபைலில், அப்படியே படிக்கக்கூடிய எழுத்தாக. அதை முழு அதிகாரம் உள்ள ‘ரூட்’ மட்டுமே திறக்க முடியும். இந்த இரண்டும் ஒத்துப்போகாத நாளில் அப்கிரேடு நிற்கிறது.

ஏன் ஒத்துப்போகாமல் போகிறது? நான் அதிகம் பார்த்த காரணம் சர்வர் மாற்றம். பழைய சர்வரில் ‘--ஆல்-டேட்டாபேசஸ்’ போட்டு முழு டம்ப், அதாவது எல்லா டேட்டாபேஸ்களின் நகல், எடுத்து, புதிய சர்வரில் ஏற்றுவார்கள். அந்த டம்பில் ‘மைஎஸ்க்யூஎல்’ என்ற சிஸ்டம் டேட்டாபேஸும் உண்டு, அதற்குள் பழைய சர்வரின் யூசர் டேபிளும் உண்டு. புதிய சர்வரின் ஃபைலில் இருப்பதோ அங்கே நிறுவியபோது தானாக உருவான வேறு பாஸ்வேர்டு.

இதில் ஏமாற்றும் விஷயம் ஒன்று இருக்கிறது. டம்பை ஏற்றிய அந்த நிமிடத்தில் எதுவும் உடையாது. உரிமைகளை சர்வர் நினைவகத்தில் வைத்திருக்கிறது. ‘ஃப்ளஷ் பிரிவிலெஜஸ்’ கொடுக்கும்வரை, அல்லது சர்வரை நிறுத்தி எழுப்பும்வரை, புதிய சர்வரில் நிறுவியபோது உருவான பாஸ்வேர்டே செல்லும். எல்லாம் நன்றாக ஓடுகிறது என்று நினைத்துக்கொண்டிருப்போம். அப்கிரேடு சர்வரை ஒருமுறை நிறுத்தி எழுப்புகிறது, குட்டு வெளிப்படுகிறது. அதனால்தான் ‘நேற்றுவரை சரியாக இருந்ததே’ என்று எல்லோரும் சொல்கிறார்கள், உண்மையாகவே சொல்கிறார்கள்.

வேறு காரணங்களும் உண்டு. யாரோ பாதுகாப்புத் துப்புரவு என்று ‘தெரியாத’ யூசரை நீக்கியிருக்கலாம். ஒரு சர்வரின் ‘ஈடிசி’ ஃபோல்டரை இன்னொன்றுக்கு அப்படியே நகலெடுத்திருக்கலாம். 5.7-இன் மிகப் பழைய வெளியீடுகளில், அதாவது 5.7.4 முதல் 5.7.10 வரை, எல்லா பாஸ்வேர்டுகளும் 360 நாளில் தானாகக் காலாவதியாகும் என்ற அமைப்பு இருந்தது, 5.7.11-இல் அதை எடுத்துவிட்டார்கள்.

சரிசெய்வது

முதல் வேலை, அந்த ஃபைலைப் படிப்பது: ‘சூடோ கேட்’ கொடுத்து டெபியன்.சிஎன்எஃப்-ஐத் திறங்கள். மேலேயே, இது தானாக உருவானது, தொடாதீர்கள் என்று பெரிய எழுத்தில் ஓர் எச்சரிக்கை இருக்கும். அதன் கீழே சதுர அடைப்புக்குள் ‘கிளையன்ட்’ என்று ஒரு பகுதி, பிறகு ‘மைஎஸ்க்யூஎல்_அப்கிரேடு’ என்று இன்னொரு பகுதி. கவனியுங்கள், பாஸ்வேர்டு வரி இரண்டு பகுதியிலும் தனித்தனியாக இருக்கிறது. முன்பு யாராவது கைவைத்து மேலே இருப்பதை மட்டும் மாற்றியிருந்தால், சோதித்துப் பார்க்கும்போது சரியாக நுழையும், அப்கிரேடு மட்டும் தோற்கும். அரை நாள் தலையைச் சுற்றவிடும் பிழை இது. இரண்டும் எழுத்துக்கு எழுத்து ஒன்றா என்று பாருங்கள்.

அடுத்து, ரூட்டாக உள்ளே போங்கள். உபுண்டுவில் பெரும்பாலும் ‘சூடோ மைஎஸ்க்யூஎல்’ என்றாலே போதும். ரூட் யூசர் ‘ஆத்_சாக்கெட்’ முறையில் இருப்பதால் பாஸ்வேர்டு கேட்காது. கேட்டால் ‘-யு ரூட் -பி’ சேர்த்து ரூட் பாஸ்வேர்டைக் கொடுங்கள். உள்ளே போனதும் ‘மைஎஸ்க்யூஎல்.யூசர்’ டேபிளிலிருந்து யூசர், ஹோஸ்ட், பிளக்இன் மூன்று நெடுவரிசைகளையும் ‘செலக்ட்’ செய்து பாருங்கள். இந்தப் பட்டியலை அப்படியே ஒரு ஃபைலில் சேமித்துவைத்தால் பின்னால் மிகவும் உதவும்.

டெபியன்-சிஸ்-மெயின்ட் பட்டியலில் இருந்தால், ‘ஆல்டர் யூசர்’ கட்டளையில் அதன் பெயரையும் லோக்கல்ஹோஸ்டையும் தனித்தனி ஒற்றை மேற்கோளுக்குள் வைத்து, ‘ஐடென்டிஃபைடு பை’ என்பதற்குப் பின் ஃபைலில் பார்த்த பாஸ்வேர்டைக் கொடுங்கள். பெயரில் இடைக்கோடு இருப்பதால் மேற்கோள் இல்லாமல் வேலை செய்யாது. டேட்டாபேஸில் இருப்பதை ஃபைலுக்கு ஏற்ப மாற்றுங்கள், ஃபைலைத் தொடாதீர்கள். பட்டியலில் இல்லவே இல்லை என்றால் ‘கிரியேட் யூசர்’ கொடுத்து உருவாக்கி, ‘கிரான்ட் ஆல்’ கட்டளையால் எல்லா உரிமைகளையும், ‘வித் கிரான்ட் ஆப்ஷன்’ சேர்த்துக் கொடுக்க வேண்டும்.

இந்த இடத்தில் 1819 என்ற பிழை வந்தால் திகைக்க வேண்டாம். பாஸ்வேர்டின் வலிமையைச் சோதிக்கும் ‘வேலிடேட் பாஸ்வேர்டு’ இயங்குகிறது என்று அர்த்தம். அதன் ‘மீடியம்’ விதிப்படி குறைந்தது 8 எழுத்தும், அதில் ஒரு எண், ஒரு பெரிய எழுத்து, ஒரு சிறிய எழுத்து, ஒரு சிறப்புக் குறி ஆகியவையும் வேண்டும். தானாக உருவான பாஸ்வேர்டில் சிறப்புக் குறி இல்லாமல் இருக்கலாம். அந்த விதியைத் தற்காலிகமாக ‘லோ’ ஆக்கி, வேலை முடிந்த அடுத்த வரியிலேயே பழையபடி வைத்துவிடுங்கள். 5.7-இல் அந்த மாறியின் பெயரில் ‘பாலிசி’க்கு முன் அடிக்கோடு, 8.0-இல் காம்பொனன்ட்டாக நிறுவியிருந்தால் புள்ளி.

ரெப்ளிகேஷன் வைத்திருப்பவர்கள் மட்டும் ஒரு நிமிடம் நில்லுங்கள். முதன்மை சர்வரில் நீங்கள் கொடுக்கும் ஆல்டர் யூசர், பின்தொடரும் சர்வர்களுக்கும் போய்ச்சேரும். அங்கே டெபியன்.சிஎன்எஃப்-இல் வேறு பாஸ்வேர்டு இருக்கும். ஒன்றைச் சரிசெய்யப்போய் மற்றதைக் கெடுத்துவிடுவோம். அதனால் முதலில் ‘செட் எஸ்க்யூஎல்_லாக்_பின் = 0’ கொடுத்துவிட்டு அதே இணைப்பில் மாற்றுங்கள்.

இப்போது சோதனை. பலர் ‘மைஎஸ்க்யூஎல்அட்மின் பிங்’ கொடுத்து, திரும்பிவரும் நிலைக் குறியீடு 0 என்றதும் சரியாகிவிட்டது என்று நம்பிவிடுகிறார்கள். பாஸ்வேர்டு தவறாக இருந்தாலும் அது 0-தான் தரும். சர்வர் உயிரோடு இருக்கிறதா என்பதை மட்டுமே பிங் சொல்கிறது. அதற்குப் பதிலாக ‘சூடோ மைஎஸ்க்யூஎல் --டிஃபால்ட்ஸ்-ஃபைல்’ என்பதற்கு டெபியன்.சிஎன்எஃப்-இன் முழுப் பாதையைக் கொடுத்து உள்ளே போய், ‘செலக்ட் கரன்ட்_யூசர்()’ கேளுங்கள். டெபியன்-சிஸ்-மெயின்ட் என்று பதில் வந்தால் பாஸ்வேர்டு பொருந்திவிட்டது.

பிறகு ‘சூடோ டிபிகேஜி --கான்ஃபிகர் -ஏ’. பாதியில் நின்ற பேக்கேஜ் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து முடியும். மறுபடி இறக்க வேண்டியதில்லை.

ரூட்டும் உள்ளே போகவில்லை என்றால்

இதற்கு ‘ஸ்கிப்-கிரான்ட்-டேபிள்ஸ்’ என்ற வழியைப் பலர் சொல்வார்கள். அந்த நேரத்தில் யார் வந்தாலும் பாஸ்வேர்டு இல்லாமல் சர்வர் உள்ளே விடும் என்பதால் எனக்கு அது பிடிப்பதில்லை. இதைவிட நல்ல வழி ‘இனிட்_ஃபைல்’. ரூட்டுக்குப் புதிய பாஸ்வேர்டு தரும் ஒரே ஒரு ஆல்டர் யூசர் வரியை ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் எழுதுங்கள். உபுண்டுவில் ஆப்ஆர்மர் என்ற பாதுகாப்பு அமைப்பு கண்ட இடத்தில் உள்ள ஃபைலைப் படிக்க மைஎஸ்க்யூஎல்லை அனுமதிக்காது. அதனால் அதை ‘வார்’, ‘லிப்’ அடியில் இருக்கும் ‘மைஎஸ்க்யூஎல்-ஃபைல்ஸ்’ ஃபோல்டரில் வைத்து, மைஎஸ்க்யூஎல் யூசர் படிக்கும்படி உரிமை கொடுங்கள். சர்வரின் கான்ஃபிக் ஃபைலில் ‘மைஎஸ்க்யூஎல்டி’ பகுதியில் இனிட்_ஃபைல் வரியைச் சேர்த்து, ஒருமுறை நிறுத்தி எழுப்புங்கள். உள்ளே போக முடிந்ததும் அந்த வரியையும் ஃபைலையும் உடனே நீக்கிவிடுங்கள். ஃபைலில் பாஸ்வேர்டு வெட்டவெளியில் கிடக்கிறது, மறக்கவே கூடாது.

8.0, 8.4: வேறு விதமான தடுமாற்றம்

5.7-க்கான ஆதரவு 2023 அக்டோபரில் முடிந்துவிட்டது. 5.7-இலிருந்து நேராக 8.4-க்குப் போக முடியாது; 8.0-ஐத் தொட்டுத்தான் போக வேண்டும். இந்தப் பாதையில் பாஸ்வேர்டைச் சரிபார்க்கும் முறையே மாறுகிறது. 2018-இல் வந்த 8.0, புதிய யூசர்களுக்கு ‘கேச்சிங்_ஷா2_பாஸ்வேர்டு’ என்ற முறையை இயல்பாக்கியது. பழைய ‘மைஎஸ்க்யூஎல்_நேட்டிவ்_பாஸ்வேர்டு’ முறையில் இருந்தவர்கள் அப்படியே தொடர்ந்தார்கள்; அப்கிரேடு யாரையும் மாற்றுவதில்லை. 2024 ஏப்ரலில் வந்த 8.4-இல் நேட்டிவ் முறை நிறுவும்போதே அணைக்கப்பட்டிருக்கிறது. 9.0-இல் அது இல்லவே இல்லை.

8.4-க்குப் போனதும் சர்வரே எழவில்லை என்றால், முதலில் கான்ஃபிக் ஃபைலில் ‘டிஃபால்ட்_ஆதென்டிகேஷன்_பிளக்இன்’ என்ற வரி இருக்கிறதா என்று தேடுங்கள். 8.0 வந்த புதிதில் பழைய பிஎச்பி ஆப்களை ஓடவைக்க, அதில் நேட்டிவ் முறையைப் போடும்படி எல்லோரும் எல்லோருக்கும் சொன்னோம். அந்த வரி 8.4-க்குத் தெரியாத வார்த்தை. ‘அன்நோன் வேரியபிள்’ என்று எரர் லாக்கில் எழுதிவிட்டு சர்வர் நின்றுவிடும். வரியை நீக்கினால் எழுந்துவிடும்.

எழுந்த பிறகு சில ஆப்களால் மட்டும் நுழைய முடியவில்லை என்றால், அந்த யூசர்கள் இன்னும் நேட்டிவ் முறையில் இருக்கிறார்கள். கான்ஃபிக்கில் ‘மைஎஸ்க்யூஎல்_நேட்டிவ்_பாஸ்வேர்டு=ஆன்’ என்று போட்டு அன்றைக்குச் சமாளிக்கலாம். ஆனால் நிரந்தரத் தீர்வு ஒவ்வொரு யூசரையும் மாற்றுவதுதான்: ஆல்டர் யூசர், ‘ஐடென்டிஃபைடு வித் கேச்சிங்_ஷா2_பாஸ்வேர்டு பை’, பிறகு பாஸ்வேர்டு. பழைய ஹாஷிலிருந்து புதிய ஹாஷை சர்வரால் உருவாக்க முடியாது, அதனால் அசல் பாஸ்வேர்டு உங்கள் கையில் இருக்க வேண்டும். ஆப்பின் கான்ஃபிக்கில் பார்த்து எடுங்கள். எங்குமே இல்லை என்றால் புதிதாகக் கொடுத்து இரண்டு பக்கமும் மாற்றுங்கள். ஆப் பழைய பிஎச்பி-யில் ஓடினால் அதையும் கவனிக்க வேண்டும். இந்தப் புதிய முறையை பிஎச்பி 7.4 முதல்தான் அதன் சொந்த டிரைவர் புரிந்துகொள்கிறது.

கேச்சிங் என்ற பெயருக்கு ஒரு காரணம் உண்டு, அதில் ஒரு பொறியும் உண்டு. ஒருமுறை முழுதாகச் சரிபார்த்துவிட்டால், அடுத்தடுத்த முறைகளுக்கு சர்வர் அதை நினைவில் வைத்துக்கொள்கிறது. முதல் முறைக்கு மட்டும் டிஎல்எஸ் போன்ற பாதுகாப்பான இணைப்பு வேண்டும், அல்லது சர்வரின் பப்ளிக் கீயைக் கேட்டு வாங்கும் அமைப்பு வேண்டும். சர்வரை நிறுத்தி எழுப்பினால் நினைவு அழிந்துவிடும். நேற்றுவரை ஓடிய ஆப், அப்கிரேடு முடிந்ததும் ‘ஆதென்டிகேஷன் ரிக்கொயர்ஸ் செக்யூர் கனெக்ஷன்’ என்று சொன்னால் பாஸ்வேர்டை மாற்றிக்கொண்டே இருக்காதீர்கள், அது சரியாகத்தான் இருக்கும். ஆப்பின் இணைப்பில் டிஎல்எஸ்ஸை இயக்குங்கள்.

இன்னொரு சின்ன விஷயம். மைஎஸ்க்யூஎல் ஆப்ஷன் ஃபைல்களில் # குறி வரியின் நடுவில் வந்தாலும் அதிலிருந்து குறிப்பு தொடங்கிவிடும். பாஸ்வேர்டில் # இருந்து, அதை மேற்கோளுக்குள் வைக்கவில்லை என்றால் பாதிதான் படிக்கப்படும். கையால் தட்டினால் நுழையும், பேக்கப் ஸ்கிரிப்ட் மட்டும் நுழையாது.

அடுத்த முறை அப்கிரேடுக்கு முந்தின நாள்

பேக்கப் எடுங்கள், எடுத்ததை வேறு ஒரு சர்வரில் ஏற்றியும் பாருங்கள். 8.0 ஒருமுறை தரவு ஃபோல்டரைப் புதுப்பித்துவிட்டால் அதே ஃபோல்டரை வைத்துக்கொண்டு 5.7-க்குத் திரும்ப முடியாது. பேக்கப் மட்டுமே திரும்பும் வழி. ஏற்றும்போது 5.7-இன் ‘மைஎஸ்க்யூஎல்’ சிஸ்டம் டேட்டாபேஸை 8.0-க்குள் கொட்டாதீர்கள். ஆப்களின் டேட்டாபேஸ்களை மட்டும் ஏற்றி, யூசர்களைத் தனியாக உருவாக்குங்கள்.

மைஎஸ்க்யூஎல் ஷெல்லில் அப்கிரேடுக்கு முன் சோதிக்கும் ஒரு வசதி இருக்கிறது, ‘யூட்டில்.செக்ஃபார்சர்வர்அப்கிரேடு’. எந்த யூசர் பழைய முறையில் இருக்கிறார், எந்த கான்ஃபிக் வரி செல்லாது என்பதையெல்லாம் அது பட்டியலிட்டுத் தரும். கான்ஃபிக் ஃபைலின் பாதையையும் அதற்குக் கொடுங்கள். கொடுக்காவிட்டால் அதை அது படிக்காது.

அப்புறம், எதையும் தொடங்கும் முன் சர்வரை ஒருமுறை சும்மா நிறுத்தி எழுப்புங்கள். பழைய வெளியீட்டிலேயே. எழுந்ததும் டெபியன்.சிஎன்எஃப் வழியாக கரன்ட்_யூசர் கேட்டுப் பாருங்கள், ஒவ்வொரு ஆப்பையும் திறந்து பாருங்கள். ஏதாவது உடைந்தால் அது அப்கிரேடால் உடைந்தது இல்லை என்று உறுதியாகத் தெரிந்துவிடும், நிதானமாகச் சரிசெய்யலாம். பத்து நிமிட வேலை. நான் இதைச் செய்யாமல் எந்த அப்கிரேடையும் தொடங்குவதில்லை.

எல்லாம் முடிந்த மறுநாள் காலையில் எரர் லாக் இருக்கும் ஃபோல்டரை ஒருமுறை பாருங்கள். இரவில் லாக் சுழற்றும் ஸ்கிரிப்டும் டெபியன்-சிஸ்-மெயின்ட் பெயரில்தான் நுழைகிறது. பழைய லாக் ‘.1’ சேர்ந்த பெயருக்கு மாறி, புதிய ஃபைலில் இன்றைய வரிகள் விழுந்திருந்தால், அது உள்ளே போய்வந்திருக்கிறது.